சர்வர் ரூமில் காய்ச்சியது

ஏனுங் தம்பி, இந்தப் பையைக் கொஞ்சம் மடியில வெச்சுக்குவீங்களா? மேல வைக்க முடியாதுங்க. திம்பம் வளைவுல பஸ் திரும்பறப்ப மேல இருக்கறதெல்லாம் நம்ம தலையில வந்து உக்காந்துரும். ஒண்ணு என்ற மடியில இருக்குது, இன்னொண்ணு உங்க மடியில இருக்கட்டும். ரெண்டும் ஒரே பையில இருந்தா ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கும். கோலி சோடாத்தானுங்க. வெடிக்காது. வெடிச்சாலும் சன்னல் பக்கமாத்தான் வெடிக்கும், அப்படித்தான் திருப்பி வெச்சிருக்கறேன்.

கண்டக்டர் கோடக் கேட்டாரு, மைசூருக்கு எதுக்குய்யா சோடாவைத் தூக்கிட்டுப் போறே, அங்க சோடா கெடைக்காதான்னு. பன்னாரி செக்போஸ்ட் தாண்டட்டும், உங்களுக்கு மட்டும் சொல்றேன்.

பாத்தீங்களா? பையைத் தொறந்தான், சோடாவான்னான், மூடிட்டான். கோலி பாட்டலைப் பாத்தா எந்த ஆபீசருக்கும் சின்ன வயசு ஞாபகம் வந்துருமுங்க, மேல ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இனிச் சொல்லலாம். அது சோடா இல்லீங்க. பீரு.

ஐயோ, கீழ வெச்சுறாதீங்க! ஆட்டுனாத்தான் ஆபத்து. மடியிலயே இருக்கட்டும்.

கடையில வாங்குனது இல்லீங்க, கையில காய்ச்சுனது. ஒண்ணு நான் காய்ச்சுனது. இன்னொண்ணு ஒரு அம்மிணி காய்ச்சுனது. பச்சை ரப்பர் பேண்டு போட்டது ஒண்ணு, சிவப்பு போட்டது ஒண்ணு. எது யாருதுன்னு இப்பச் சொல்ல மாட்டேன். ஆசனூர்ல பஸ்ஸு டீக்கு நிக்கும். அங்க ரெண்டையும் உடைக்கறேன். நீங்க அதுல ஒரு வாய், இதுல ஒரு வாய் பாத்துட்டு எது நல்லாருக்குதுன்னு சொல்லோணும். குடிப்பீங்கள்ல? எப்பவாச்சுமா? அதுதானுங்க வேணும். தெனமும் குடிக்கறவன் நாக்கும் ஆகாது, தொடாதவன் நாக்கும் ஆகாது. அதுவுமில்லாம நீங்க எனக்கும் சொந்தம் ஒறம்பரை இல்லை, அவளுக்கும் ஒறம்பரை இல்லை.

என்றது செயிச்சா மைசூர் வரைக்கும் வருவேன். நேரா அவ வேலை செய்யற எடத்துக்குப் போயி முன்னாடி நின்னு சொல்லுவேன், இந்தா அம்மிணி, மூணாம் மனுசன் தீர்ப்புச் சொல்லிட்டான்னு. செயிக்கலீன்னா சாம்ராஜ்நகர்ல எறங்கி எதுத்தாப்பல வர்ற பஸ்ஸைப் புடிச்சு வூட்டுக்குப் போயிருவேன். அவ்வளவுதானுங்க விசயம்.

பொறாமையா? எனக்கா? எம் பொண்ணு வயசுங்க அவளுக்கு. எனக்கு எதுக்குங்க பொறாமை.

என்ற பேரு நாச்சிமுத்து. பீளமேட்டுப் பக்கம் ஒரு மோட்டார் பம்பு கம்பெனி ஆபீசுல கம்ப்யூட்டரெல்லாம் பாத்துக்கறேன். கம்பெனி பேரு வேண்டாமுங்க. கம்ப்யூட்டர் நின்னுபோனாலும் நாச்சி, பிரிண்டர்ல பேப்பர் மாட்டிக்கிட்டாலும் நாச்சி. சர்வர் ரூம் சாவி என்ற இடுப்புல. அந்தச் சாவியிலதானுங்க எல்லாமே ஆரம்பிச்சுது.

சர்வர் ரூம்னா என்னன்னு தெரியுமுங்களா? கம்பெனியோட மொத்த மூளையும் அங்கதான் இருக்கும். ராத்திரி பகலா ஏ.சி. ஓடும். கோயமுத்தூர்ல எவ்வளவு வெயில் அடிச்சாலும் அந்த ரூமுக்குள்ள மார்கழிதான். ஒருநாள் போன்ல ஒரு வெள்ளைக்காரன் வூட்டுலயே பீரு காய்ச்சறதைக் காட்டறான். காய்ச்சி, ஈஸ்ட்டு போட்டு, குளுகுளுன்னு ஒரே சீரா இருக்கற எடத்துல வெச்சிருங்கங்கறான். எனக்குப் பொறி தட்டுச்சு. அப்படி ஒரு எடம் என்ற இடுப்புலயே தொங்குதே!

வூட்டுல முடியாதுங்க. என்ற சம்சாரம் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி கெடக்கறவ. அவகிட்டப் போயி ஈஸ்ட்டு, பார்லின்னு சொல்ல முடியுமா?

சாமானெல்லாம் ஆபீசுலயே இருந்துதுங்க. ஆயுத பூசைக்குப் பொங்கல் வைக்கற ரைஸ் குக்கர். நாட்டு மருந்துக் கடையில பார்லி. பாசிப்பயறை மொளைகட்டற மாதிரி ஈரத்துணியில மூட்டை கட்டி, யூ.பி.எஸ். பேட்டரி மேல வெச்சிருவேன். அங்க எப்பவும் வெதுவெதுன்னு இருக்கும், பொலபொலன்னு மொளை வந்துரும். காய வைக்கறதுக்கு சர்வர் பொறத்தால சூடாக் காத்து வருமில்லீங்க, அதுல தட்டைப் புடிச்சு வெச்சிருவேன். ரெண்டு நாள்ல மொறுமொறுன்னு ஆயிரும். மிக்ஸியில ஒரு சுத்து. ரைஸ் குக்கரை ‘வார்ம்’ல போட்டு ஊற வெச்சா இனிப்பு எறங்கும். வடிகட்டறதுக்கு எங்க பம்பு ஃபுட்வால்வு சல்லடை, கெணத்துல தண்ணிக்கடியில கெடக்குமில்ல, அதுல புதுசு ஒண்ணு. அப்புறம் அஞ்சு லிட்டர் தண்ணி கேன். மூடியில ஓட்டை போட்டு, மெடிக்கல்ல குளுக்கோஸ் ஏத்தற ட்யூப் வாங்கிச் சொருகி, மறுமுனையை ஒரு டம்ளர் தண்ணியில விட்டா, காத்து வெளிய போகும், உள்ள வராது. பொளக்… பொளக்… பொளக்… சர்வர் சத்தத்துக்கு நடுவுல அதைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பேனுங்க. மத்தியானச் சோறு கோட அங்கதான். எம் பொண்ணுங்க கைக்கொழந்தையா இருந்தப்பக் கோட அப்படி உக்காந்து கேட்டதில்லை.

கசப்புக்கு வெள்ளைக்காரன் ஏதோ பூவு போடறான். அதுக்கு நான் எங்க போவேன்? நிலவேம்பு போட்டேன். டெங்குக் காய்ச்சலுக்குக் கசாயம் குடுத்தாங்களே, அதே நிலவேம்பு. யாருக்குமே தோணாத யோசனைங்க அது. தாராளமாப் போடுவேன்.

ஒரு தடவைக்கு நாலு கோலி பாட்டல் வந்தாப் பெருசு. சனிக்கிழமை அரைநாள்ங்க எங்களுக்கு. எல்லாரும் கெளம்புனதுக்கு அப்புறம் பேன்ட்ரியில நானும் சேனாபதியும் உக்காருவோம். தேவசேனாபதி. டெண்டர் செக்‌ஷன். நானும் அவனும் ஒண்ணா வேலைக்குச் சேந்தவங்க. எங்கூட்டுக் கண்ணாலம் அவன் இல்லாம நடக்காது, அவங்கூட்டு எழவு நான் இல்லாம நடக்காது. டீ குடிக்கற பேப்பர் கப்புல ஊத்திக் குடுப்பேன். ஒரே மூச்சுல குடிப்பான். மூஞ்சியைச் சுளிப்பான், கண்ணுல தண்ணி வரும். அந்தச் சுளிப்புத்தானுங்க பீருக்கு மரியாதை. குடிச்சு முடிச்சு மீசையைத் தொடச்சுட்டு, ‘நாச்சி, கை குடுறா’ம்பான். கையைப் புடிச்சு ஒரு குலுக்குக் குலுக்குவான். வாரம் பூரா எத்தனை பேருக்குக் கம்ப்யூட்டர் சரி பண்ணித் தர்றேன், ஒருத்தன் கை குடுத்ததில்லீங்க. அவன் ஒருத்தன்தான்.

அந்த நேரத்துலதான் ஆக்ஸிலியா வந்தா. நாகர்கோவில் பக்கம். சேனாபதிக்குக் கீழ டெண்டர் செக்‌ஷன்ல வேலை. நல்ல அம்மிணிதான், நான் இல்லைன்னு சொல்லலை. யாரைப் பாத்தாலும் சிரிப்பா. அதுவே எனக்குப் புடிக்காதுங்க, சும்மா சும்மா எதுக்குச் சிரிக்கோணும்? ஒரு சனிக்கிழமை கொடையை மறந்துட்டுத் திரும்பி வந்தவ எங்களைப் பாத்துட்டா. பயந்துட்டோம். அவ கப்பை மோந்து பாத்துட்டு, ‘அண்ணே, இது நீங்களே செஞ்சதா? எனக்கும் சொல்லித் தருவீங்களா?’ன்னா.

சொல்லித் தந்தேனுங்க. மறைக்கலை. ஈஸ்ட்டையும் குடுத்தேன். அதைக் கொஞ்சம் கேளுங்க, அதுலதான் விசயமே இருக்குது. ஒவ்வொரு தடவையும் புது ஈஸ்ட்டு வாங்கக் கூடாதுங்க. கேன் அடியில வண்டல் தங்கும், அதுல ஒரு கரண்டி எடுத்து அடுத்த தடவைக்கு விடோணும். தயிருக்கு உறை ஊத்தற மாதிரி. பேன்ட்ரி ஃப்ரிட்ஜுல ஒரு ஹார்லிக்ஸ் பாட்டல்ல ரெண்டு வருசமா வளத்து வெச்சிருந்தேன். பக்கத்து வூட்டுக்காரி உறைமோர் கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமா? ஒரு கரண்டி ஊத்திக் குடுத்தேன். சர்வர் ரூமுல என்ற கேனுக்குப் பக்கத்துல அவ கேன் வைக்கறதுக்கு எடமும் குடுத்தேன்.

முதல் சனிக்கிழமை அவளுதை ஊத்துனா. பாக்கறதுக்கே நல்லா இல்லீங்க. டிக்காசன் மாதிரி நெறம். சேனாபதி குடிச்சான். சுளிக்கலை. மெதுவாக் குடிச்சான், ரசத்தை ரசிச்சுக் குடிக்கற மாதிரி. கப்பைக் கீழ வெச்சான். மீசையைத் தொடச்சான். ‘அம்மிணி, கை குடு’ன்னான்.

அந்தக் கையி என்றதுங்க. நான் அங்கயே உக்காந்திருக்கறேன்.

வவுறு எரிஞ்சுதா? எரிஞ்சுதுங்க. இல்லைன்னு சொன்னாப் பொய்யி. ஆனா அது பொறாமை இல்லை, நியாயம். ஈஸ்ட்டு யாருது? எடம் யாருது? சல்லடை யாருது? இத்தனையும் என்றதா இருக்கறப்ப, கையி மட்டும் எப்படி அவளுக்குப் போகும்?

நானா? நான் அவளுதை ஒரு சொட்டுக் குடிச்சதில்லீங்க. என்ற கப்புல அவ ஊத்துவா, அவங்க அந்தப் பக்கம் திரும்பறப்ப பேன்ட்ரி சன்னலோரம் இருக்கற கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊத்திருவேன். எதுக்குக் குடிக்கோணும்? குடிக்காமயே தெரியும், அதுல ஒண்ணுமில்லைன்னு. அந்தக் கறிவேப்பிலை மட்டும் அந்த வருசம் நெம்பத் தளதளன்னு வந்துச்சு.

அப்புறம் அது வழக்கமாப் போச்சுங்க. சனிக்கிழமையானா, ‘இன்னைக்கு அம்மிணி ஊத்தறாளா?’ம்பான் சேனாபதி. என்றதை ஊத்துனா, ‘வவுத்துல இன்னைக்கு ஒரு மாதிரி இருக்குதுடா நாச்சி’ம்பான். அவ ஊத்துனா வவுறு நல்லாயிரும். அவளாச்சும் சும்மா இருந்தாளா? ‘அண்ணே, நிலவேம்பைக் கொஞ்சம் கொறச்சுப் பாருங்களேன்’னு எனக்கே பாடம் நடத்தறா. சிரிச்சுக்கிட்டே. நான் அன்னையில இருந்து ரெண்டு குச்சி எச்சாப் போட்டேன்.

ஏனுங், வளைவு வருது, பாட்டலைக் கழுத்துல புடிக்காதீங்க, வவுத்துல புடிங்க. அப்படித்தான்.

அந்த வருசம் ஆயுத பூசை முடிஞ்ச அடுத்த சனிக்கிழமை சேனாபதிக்கு ரிட்டயர்மென்ட்டுங்க. மாலை, சால்வை, போட்டோ எல்லாம் கம்பெனி பாத்துக்கும். அது முடிஞ்சதும் பேன்ட்ரியில நாங்க மூணு பேரும் கடைசியா ஒருக்கா உக்காரறதுன்னு பேச்சு. நான் ஒரு மாசம் முன்னாலயே பார்லி ஊறப்போட்டுட்டேன். சேனாபதி என்ற டேபிளுக்கு வந்தான். தோள் மேல கையைப் போட்டான். ‘நாச்சி, கோவிச்சுக்காதே. அன்னைக்கு அந்த அம்மிணி காய்ச்சுனதே போதும். நீ செரமப்படாதே’ன்னான்.

செரமமாமுங்க. எனக்குச் செரமமாம்.

செரிடான்னேன். ஆனா காய்ச்சுனேன். அவளும் காய்ச்சுனா. ரெண்டு கேனும் சர்வர் ரூமுல பக்கத்துப் பக்கத்துல பொளக், பொளக்ங்குது. அவளுது என்றதை விட வேகமாப் பொளக்ங்கும். அதைக் கேக்கறதுக்கே முடியாதுங்க.

ஆயுத பூசை வந்துது. எங்க கம்பெனியில பெருசாக் கொண்டாடுவோம். லேத்துல இருந்து ஸ்டேப்ளர் வரைக்கும் சந்தனம், குங்குமம். சர்வருக்கும் நான்தான் பொட்டு வெச்சேன். அவ கேனுக்கும் வெச்சேன், பாருங்க என்ற மனசை. பூசை போட்ட சாமானை ஓட்டக் கூடாதுங்களே, அதுக்கு ஓய்வு குடுக்கோணும். அது நம்ம மொறை. சேந்தாப்பல நாலு நாள் லீவு வேற. எல்லாரும் கெளம்புனதுக்கு அப்புறம், ரூமைப் பூட்டறதுக்கு முன்னால, ஏ.சி.யைப் பாத்தேன். வருசம் பூரா ஓடுது, பாவம், அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? நிறுத்துனேன்.

சர்வரையா? சர்வரை எப்படிங்க நிறுத்தறது? ஊர் ஊரா ஆர்டர் வர்ற சாமானுங்க அது.

என்ற கேனா? அது… அதை நான் பேன்ட்ரி ஃப்ரிட்ஜுக்கு மாத்திட்டேன். ஏன்னா அது வேற விசயமுங்க. என்றது குளுமை தாங்கும், கொஞ்சம் எச்சாக் குளுமை குடுத்துப் பாக்கலாம்னு ஒரு யோசனை. நீங்க என்ன தம்பி, வக்கீலாட்டக் கேக்கறீங்க! ஓய்வு குடுத்தேனுங்க. ஏ.சி.க்கு ஓய்வு குடுத்தேன். அவ்வளவுதான்.

லீவு முடிஞ்சு போனாக் கம்பெனியே அல்லோல கல்லோலப்படுது. ரூமுக்குள்ள அனல். அந்தச் சூட்டுல அவளுது பொங்கித் தள்ளியிருக்குது. நொரை ட்யூப்பை அடைச்சு, மூடியைப் பிச்சுக்கிட்டு, ரேக்கு மேல எல்லாம் வழிஞ்சு, கரண்டுப் பொட்டியில எறங்கி, சர்வர் அவுட்டு. டிராயிங் இல்லை, டெண்டர் இல்லை, பில்லு இல்லை. ரூம் பூராப் புளிச்ச வாசம். சந்தனப் பொட்டோட அந்தக் கேன் மட்டும் நட்டுக்கிட்டு நிக்குது.

அவ வந்து பாத்தா. கேனைப் பாத்தா, ஏ.சி.யைப் பாத்தா, என்ற கேன் இருந்த எடத்தைப் பாத்தா. ‘அண்ணே, உங்க கேன் மட்டும் எப்படிண்ணே தப்பிச்சுது?’ன்னா. மெதுவாத்தான் கேட்டா. நேரம்தான் அம்மிணின்னேன். அன்னைக்குத்தான் அவ சிரிக்காம நின்னு பாத்தேன்.

ஜி.எம். கூப்புட்டு அனுப்புனாரு. நானும் சேனாபதியும் வெளிய நிக்கறோம், அவ உள்ள நிக்கறா. கதவு தொறந்துதான் இருந்துது. என்ன சொன்னா தெரியுமுங்களா? ‘சார், கேன் என்னுது. ஏ.சி.யையும் நான்தான் நிறுத்துனேன். ஃபைல் எடுக்கணும்னு சொல்லி அண்ணன்கிட்டச் சாவி வாங்குனேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது’ன்னா.

ஒண்ணும் தெரியாதாம்! எனக்கா? பார்லியை மொளைகட்டுனது யாரு? குளுக்கோஸ் ட்யூப்பைக் கண்டுபுடிச்சது யாரு? ரெண்டு வருசமா உறை ஊத்தி வளத்தது யாரு? மொத்தத்தையும் தம்பேர்ல எழுதிக்கிட்டு, நாச்சிக்கு ஒண்ணும் தெரியாதுங்கறா, ஜி.எம். முன்னாடி, சேனாபதி காது கேக்க! இப்படி ஒரு பேரு வாங்கற புத்தியை நான் எங்கயும் பாத்ததில்லீங்க. நான் கேட்டேனா அவகிட்ட, எனக்காகப் பேசுன்னு?

நான் ஏன் உள்ள போயிச் சொல்லலையா? என்னத்தைங்க சொல்றது? அந்த நேரத்துல எனக்கு வேற வேலை இருந்துது. பேன்ட்ரி ஃப்ரிட்ஜைக் காலி பண்ணச் சொல்லி ஜி.எம். ஆள் அனுப்பிட்டாரு. என்ற ஹார்லிக்ஸ் பாட்டல் போயிரும். ஓடிப் போயி, டிபன் பாக்ஸ்ல மிச்சமிருந்த தயிர்ச்சோத்தைக் கொட்டிட்டு, அதுல ரெண்டு கரண்டி ஈஸ்ட்டைக் காப்பாத்துனேன். கேனையும் துணியில சுத்தி வண்டிப் பொட்டியில வெச்சேன். அத்தனை கலவரத்துல நானாச்சும் நிதானமா இருந்தேன். திரும்பி வந்தா அவ ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பிட்டா. கொடை மட்டும் அவ சேர்ல தொங்கிட்டிருந்துது.

சனிக்கிழமை சேனாபதிக்கு மாலை போட்டாங்க. பேன்ட்ரிக்குக் கூட்டிட்டுப் போயி, என்றதை ஊத்திக் குடுத்தேன். ஃப்ரிட்ஜுக் குளுர்ல ஈஸ்ட்டு தூங்கிப் போச்சுங்க, கொஞ்சம் கஞ்சித் தண்ணி மாதிரித்தான் இருந்துது, ஒத்துக்கறேன். ஆனா அவன் குடிக்கவே இல்லை. கப்பைக் கையில வெச்சுக்கிட்டு, ‘நாச்சி, இது எங்க இருந்துது?’ன்னான். பேன்ட்ரி ஃப்ரிட்ஜுலன்னேன். ‘எப்ப மாத்துனே?’ன்னான். லீவுக்கு முன்னாலன்னேன். கப்பைக் கீழ வெச்சுட்டான். எந்திரிச்சுப் போயிட்டான். கை குடுக்கலை. கழுத்துல மாலை, ஒரு கையில சால்வை, ஒரு கையில போட்டோ. கை ஒழியலை, அதனாலதான்னு நெனச்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் போன் போட்டா எடுக்கறதில்லீங்க. பேத்தியைப் பாத்துக்கறான், வேலை இருக்குமில்ல.

நான் காய்ச்சறதை விடலை. சர்வர் ரூமுக்குக் கேமரா வெச்சுட்டாங்க, இப்ப பழைய ரெக்கார்டு ரூமுல காய்ச்சறேன். சனிக்கிழமை நானே ஊத்தி நானே குடிக்கறேன். பொளக் சத்தம் கேக்குது. ஆனா தனியாக் கேட்டா அது ஒரு மாதிரி இருக்குதுங்க.

போன வாரம் எங்கூட்டு வாசல்ல சேனாபதி வந்து நிக்கறான்! எனக்குக் கால் தரையில நிக்கலை. வாடா, உக்காருடா, காப்பித் தண்ணி குடிடாங்கறேன். உக்காரலை. மைசூர் போயிட்டு வந்திருக்கறான். எதுக்கு? அவளைப் பாக்க. அவ இப்ப அங்க ஒரு ஓட்டல்ல, சொந்தமாப் பீரு காய்ச்சி விக்கற ஓட்டலாம், அங்க வேலை பாக்கறா. பீளமேட்டுல இருந்து சிங்காநல்லூருக்கு என்னைப் பாக்க வர முடியலை, மைசூர் போயிருக்கறான் பாருங்க! பையில இருந்து ஒரு கோலி பாட்டலை எடுத்துக் குடுத்தான். ‘உனக்குன்னு குடுத்துவுட்டா. நீ குடுத்த உறையைத்தான் இன்னும் வெச்சிருக்கறாளாம், நாச்சி அண்ணனோட ஈஸ்ட்டுன்னுதான் எல்லாருகிட்டயும் சொல்றா. குடிச்சுப் பாரு. பாத்துட்டு நேர்ல போயி அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. அதுக்கப்புறம் என்ற வூட்டுக்கு வா’ன்னான்.

என்ன வார்த்தைடான்னு கேட்டேன். ‘உனக்கே தெரியும்’னுட்டுப் போயிட்டான்.

எனக்குத் தெரியலீங்க. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். அதான் என்றதுலயும் ஒரு பாட்டலை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். எது நல்லதுன்னு மொதல்ல தெரிஞ்சாத்தானே என்ன வார்த்தைன்னு தெரியும்?

ஆசனூர் வந்துருச்சு, எறங்குங்க. அந்த மரத்துக்கு அக்கட்டால போயிரலாம், கண்டக்டர் பாக்கறாரு. டீக்கடையில ரெண்டு பேப்பர் கப்பு வாங்கியாந்துர்றேன், இருங்க.

மொதல்ல சிவப்பு. கோலியைக் கட்டைவிரல்ல அமுக்கோணும்… டப்பு! கேட்டீங்களா? அந்தச் சத்தத்துக்கே குடுக்கலாம். இந்தாங்க. ஒரே மூச்சுல.

ம். செரி. சொல்ல வேண்டாம், இப்பச் சொல்ல வேண்டாம். இந்தத் தண்ணியில வாயைக் கொப்புளிங்க. கண்ணைத் தொடச்சுக்கங்க.

இப்பப் பச்சை. டப்பு! நெறத்தைப் பாக்காதீங்க. குடிங்க.

என்னுங்க, முழுசும் குடிச்சுட்டீங்க? ஒரு வாய்தானே சொன்னேன்.

பச்சையா? அவசரப்படாதீங்க தம்பி. மலையேறி வந்திருக்கறோம், நாக்கு ஒரு மாதிரி இருக்கும். சிவப்பை இன்னொருக்கா… வேண்டாமா? கசாயம் மாதிரியா? பீருன்னாக் கசக்கத்தானுங்க செய்யும், அது… செரி. செரிங்க. சிவப்பு என்றதுதான்.

இருங்க. அந்தப் பச்சையில மிச்சம் இருக்குதா? இங்க கறிவேப்பிலைத் தொட்டியெல்லாம் இல்லை. நானும் ஒரு வாய் பாத்தர்றேன்.

…

கருப்பட்டி போட்டிருக்கறா. கொத்தமல்லி விதையை வறுத்துப் போட்டிருக்கறா. அப்புறம்… நிலவேம்பு. ஏனுங், நிலவேம்பு இருக்குது இதுல! ஒரே ஒரு குச்சி. கடைசியில, தொண்டையில எறங்கறப்ப, ஒரு கசப்பு வருது பாருங்க. வந்துட்டுப் போயிருது. அதை அவ விடலை.

கழுதை. நல்லாத்தானுங்க இருக்குது.

இத்தனை நாளா ஒரு சொட்டுக் குடிக்கலை நான். அத்தனையும் தொட்டிக்கு ஊத்துனேன்.

என்னுங்க, கையை நீட்டறீங்க? எனக்கா? பச்சையைக் காய்ச்சுனவங்களுக்கா? அப்ப அது எனக்கு வர்ற கை இல்லீங்களே. எனக்கு வேண்டாம்… இல்லீங்க, மடக்காதீங்க. மடக்காதீங்க தம்பி, குடுங்க. நான் கொண்டு போயி அவகிட்டக் குடுத்துர்றேன்.

கண்டக்டர் விசிலடிக்கறாரு. அடிக்கட்டும். சாம்ராஜ்நகர்ல எங்கங்க எறங்கறது? நான் எறங்கிட்டா இதை யாரு கொண்டு போயிக் குடுப்பாங்க?

ஏனுங் தம்பி. கொஞ்சம் பொறுத்து விடுங்க. நெம்ப நாளாச்சு, இந்தக் கையை ஒருத்தர் புடிச்சு.